கணினி ஏன் உள்ளே விட மறுக்கிறது? – கடவுச்சொல்லின் வரலாறு



மதிப்பெண்களைப் பதிவு செய்ய இன்றுதான் கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் அறைக் கணினியின் முன் உட்காருகிறீர்கள். பெயரைத் தட்டுகிறீர்கள். கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள். ‘பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு’ என்று திரை சொல்கிறது. நாம என்ன செய்வோம்? அதே சொல்லை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டுவோம். மறுபடியும் அதே பதில்தான். மூன்றாவது முறை, நான்காவது முறை என்று போய்க் கடைசியில் கணக்கே பூட்டிக்கொள்ளும். அப்புறம் பக்கத்து மேசைக்குப் போய், “டீச்சர், உங்க பாஸ்வேர்டைக் கொஞ்சம் கொடுங்க, அவசரமா மார்க் போடணும்” என்று கேட்போம். அவரும் தயங்காமல் கொடுத்துவிடுவார்.

இந்தக் காட்சியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, கணினியின் மறுப்பு. அது ஏதோ கோபத்தில் மறுப்பதில்லை. அதன் ஒவ்வொரு மறுப்புக்குப் பின்னாலும் ஒரு வரலாற்று நிகழ்ச்சி இருக்கிறது. எங்கோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு தவறு நடந்தது. அதைத் தடுக்க ஒரு பூட்டு போட்டார்கள். அந்தப் பூட்டில்தான் இன்று நாம் மாட்டிக்கொள்கிறோம். எந்தப் பூட்டு எதற்காக வந்தது என்று தெரிந்தால், சிக்கல் எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது. இரண்டாவது, நாம் கடன் வாங்கிய அந்தக் கடவுச்சொல். அதன் விலை என்ன என்பதையும் இதே வரலாறு சொல்கிறது.

ரோமானியப் பாசறையின் மரப்பலகை

கடவுச்சொல் கணினியோடு பிறந்ததன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், ரோமானியப் படையின் பாசறையில் இரவுக் காவல் எப்படி நடந்தது என்பதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் சூரியன் மறையும் வேளையில், பாசறையின் கடைக்கோடியில் தங்கியிருக்கும் பிரிவிலிருந்து ஒரு வீரர் படை அதிகாரியின் கூடாரத்துக்கு வருவார். அன்றைய அடையாளச் சொல் எழுதப்பட்ட மரப்பலகை ஒன்றை அவரிடம் கொடுப்பார்கள். அவர் அதைத் தம் பிரிவுக்குக் கொண்டுபோய், சாட்சிகள் முன்னிலையில் அடுத்த பிரிவின் தலைவரிடம் ஒப்படைப்பார். அவர் அதற்கடுத்தவரிடம் கொடுப்பார். இப்படியே கைமாறி, இருட்டுவதற்குள் பலகை திரும்பவும் அதிகாரியிடமே வந்து சேர வேண்டும்.

ஒரு பலகை வரவில்லை என்றால்? பாசறை முழுவதையும் எழுப்பி விசாரிக்க வேண்டியதில்லை. பலகைகளில் குறி இருக்கும். எந்தக் குறியுள்ள பலகை வரவில்லை என்று பார்த்தாலே, எந்தப் பக்கத்தில் தடைபட்டது என்பது தெரிந்துவிடும். அங்கே மட்டும் போய்க் கேட்பார்கள்.

இதில் இரண்டு கருத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பாசறை முழுவதற்கும் ஒரே சொல்தான். அந்தச் சொல் ‘இவன் நம் ஆள்’ என்று மட்டும் காட்டும். ‘இவன் யார்’ என்று காட்டாது. இரண்டு, தடை வந்தால் அது எந்த இடத்தில் வந்தது என்று தேடும் முறை. இவ்விரண்டும் கட்டுரையின் கடைசிவரை நம்மோடு வரும்.

ஒரு கணினி, பல பேர்

தொடக்கக்காலக் கணினிகளுக்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை. அறை அளவுக்கு இருந்த அந்த இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலை மட்டுமே ஓடும். அறைக் கதவைப் பூட்டினால் போதும்.

நிலைமை மாறியது 1961இல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்படோ தலைமையிலான குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை உருவாக்கி அந்த ஆண்டு நவம்பரில் செய்து காட்டியது. சி.டி.எஸ்.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். தட்டச்சுப் பொறி போன்ற முனையங்களில் பலர் உட்கார்ந்திருப்பார்கள்; கணினி ஒவ்வொருவருக்கும் சிறிது நேரம் என்று மாறி மாறி வேலை செய்யும். ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் இருந்தன. ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்கக்கூடாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் தரப்பட்டன. ரோமானியச் சொல்லிலிருந்து இது வேறுபட்டது. இங்கே சொல் ஒரு படைக்கு உரியது அல்ல. ஒரு மனிதருக்கு உரியது. நாம் இன்று ‘லாகின்’ செய்யும் முறையின் தொடக்கம் இதுதான்.

அடுத்த ஆண்டே பூட்டு உடைந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கணினி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் ஆய்வுக்கு அது போதவில்லை. கோப்புகளை அச்சிட்டு வாங்க, துளையிட்ட அட்டையில் விண்ணப்பம் போடும் வசதி அப்போது இருந்தது. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எல்லாருடைய கடவுச்சொற்களும் உள்ள கோப்பை அச்சிடும்படி அவர் ஓர் அட்டையைப் போட்டார். மறுநாள் அதிகாலையில் போய் அச்சுத் தாளை எடுத்துக்கொண்டார். கணினி ஒன்றும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளிப்படையாகச் சொன்னார்.

ஒரே கணக்கில் இருவர்

1960களின் நடுப்பகுதியில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி நமக்கு இதைவிட முக்கியமானது. கார்படோவுக்கு 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. கணினித் துறையின் நோபல் பரிசு என்று சொல்லப்படும் விருது அது. விருது ஏற்புரையில் அவரே இந்த நிகழ்ச்சியை விவரித்தார்.

சி.டி.எஸ்.எஸ்.இல் நுழைந்தவுடன் ‘இன்றைய செய்தி’ என்று ஓர் அறிவிப்பு அச்சாகும். ஒருநாள் பிற்பகல் நுழைந்தவர்களுக்கெல்லாம் அந்த அறிவிப்புக்குப் பதிலாக, அனைத்துப் பயனர்களின் கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன! ஏறக்குறைய 15, 20 நிமிடம் இப்படியே ஓடியது. பிறகு பொறுப்புள்ள ஒருவர் நிர்வாகியைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் கணினியை அவசரமாக நிறுத்தினார்கள்.

எப்படி நடந்தது? ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம் என்பது விதி. கணினியைப் பராமரிக்கும் நிரலாளர்கள் எண்ணிக்கை கூடியபோது, இந்த விதி அவர்களுக்குத் தொல்லையாக இருந்தது. ‘எங்களுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள், கவனமாக இருப்போம்’ என்று கார்படோவிடம் கேட்டு வாங்கினார்கள். ஆனால் கோப்புகளைத் திருத்தும் மென்பொருளோ, ஒரு கணக்கில் ஒருவர்தான் இருப்பார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. தற்காலிகக் கோப்புக்கு அது எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஒருவர் அறிவிப்பையும் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். இரண்டும் இடம் மாறிவிட்டன.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, திருட்டும் இல்லை. வேலை சுலபமாகட்டும் என்று பல பேர் ஒரு கணக்கைப் பகிர்ந்துகொண்டார்கள். அவ்வளவுதான்.

அரைத்த மாவும் அரிசியும்

“என் கடவுச்சொல்லை மறந்துட்டேன். என்னன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாசிரியரிடம் கேட்டிருப்பீர்கள். “பார்க்க முடியாது, புதுசா மாத்தித்தான் தர முடியும்” என்று அவர் சொல்லியிருப்பார். அவர் மறைக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது.

கடவுச்சொற்களை அப்படியே எழுதி வைத்தால் ஷெர் செய்ததுபோல் யாரும் எடுத்துவிடலாம் அல்லவா? இதற்கு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீதம் முதலியோர் 1960களிலேயே ஒரு வழி கண்டார்கள். சொல்லைக் கணித முறையில் உருமாற்றி, உருமாறிய வடிவத்தை மட்டும் சேமித்தார்கள். அரிசியை அரைத்து மாவாக்கலாம். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. நீங்கள் ஒவ்வொரு முறை தட்டும்போதும் கணினி உங்கள் சொல்லைப் புதிதாக அரைத்து, அந்த மாவும் சேமித்த மாவும் ஒன்றா என்று மட்டும் பார்க்கிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. கணினிக்கு ‘கிட்டத்தட்ட சரி’ என்பது தெரியாது. ஓர் எழுத்து பெரியதா சிறியதா என்பது மாறினாலும் மாவு முற்றிலும் வேறாகிவிடும். ஆகவே முதலில் பெரிய எழுத்து விசை, அதாவது ‘கேப்ஸ் லாக்’, போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண்களைப் பக்கவாட்டு எண் விசைகளில் தட்டுபவர்கள் ‘நம் லாக்’ எரிகிறதா என்றும் பாருங்கள்.

3,289 கடவுச்சொற்கள்

சொல்லை அரைத்து வைத்தாலும் ஊகித்துவிடலாமே என்ற கேள்வி அடுத்து எழுந்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனும், ராபர்ட் மோரிஸும் 1979இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பயனர்களிடமிருந்து திரட்டிய 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்ததில், 86 விழுக்காடு எளிதில் ஊகிக்கக்கூடியவையாக இருந்தன. 15 பேருடைய சொல் ஒரே ஓர் எழுத்து! 72 பேருடையது இரண்டே எழுத்து. பலருடையது அகராதியில் இருக்கும் சொல்.

இதனால்தான் ‘இத்தனை எழுத்து வேண்டும்’, ‘எண் வேண்டும்’, ‘குறியீடு வேண்டும்’ என்ற நிபந்தனைகள் வந்தன. இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் சேமிப்பில் வெவ்வேறாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, அரைக்கும்போது ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண்ணைக் கலந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘உப்பு’. கணினித் துறையில் இன்றும் அதே பெயர்தான்.

1988 நவம்பர் 2ஆம் நாள் இந்த எச்சரிக்கை எவ்வளவு சரி என்பதை உலகம் கண்டது. ஒரு நிரல் தானாகவே கணினிக்குக் கணினி தாவி, அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, கடவுச்சொல்லை ஊகிப்பது. பயனரின் பெயரையே சொல்லாகப் போட்டுப் பார்க்கும். பெயரைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும். தன்னிடமிருந்த 432 சொற்கள் கொண்ட பட்டியலை ஒவ்வொன்றாக முயலும். அதை எழுதியவர் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் தப்பன் மோரிஸ். 1979ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதிய ராபர்ட் மோரிஸின் மகன்!

சில முறை தவறினால் கணக்கைப் பூட்டும் ஏற்பாடு இப்படிப்பட்ட ஊகத்தைத் தடுக்கத்தான். தட்டுவது நீங்களா, பட்டியல் வைத்திருக்கும் நிரலா என்று கணினிக்குத் தெரியாது. ‘பெயர் அல்லது கடவுச்சொல் தவறு’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதும் வேண்டுமென்றேதான். பெயர் சரி, சொல்தான் தவறு என்று சொல்லிவிட்டால், ஊகிப்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆகவே இரண்டு முறை தவறினால் கையை எடுத்துவிடுங்கள். மூன்றாவது முறை தட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உங்கள் கைப்பேசியிலோ வீட்டு மடிக்கணினியிலோ பழைய சொல் சேமிக்கப்பட்டிருந்தால், அது உங்களுக்குத் தெரியாமல் பழைய சொல்லையே அனுப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒன்றும் செய்யாமலே கணக்கு திரும்பத் திரும்பப் பூட்டிக்கொள்வதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

மூன்று தலை நாயும் 5 நிமிடமும்

1983இல் அதே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அதீனா என்ற திட்டம் தொடங்கியது. வளாகம் முழுவதும் கணினிகளை நிறுவி, எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் மாணவர் தம் கணக்கில் நுழையலாம் என்ற நிலையை உருவாக்குவது அதன் நோக்கம். ஆனால் கடவுச்சொல் கம்பி வழியாகப் போனால் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கலாம். இதற்குத் தீர்வாக உருவானதுதான் கெர்பரோஸ் என்ற முறை. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது.

இதைத் திரையரங்கு நுழைவுச்சீட்டோடு ஒப்பிடலாம். உங்கள் அடையாளத்தை ஒரே இடத்தில், ஒருமுறை மட்டும் மெய்ப்பிக்கிறீர்கள். அங்கே ஒரு சீட்டு கிடைக்கிறது. அதற்குப் பிறகு கோப்பு வைத்திருக்கும் சர்வரோ அச்சுப்பொறியோ உங்கள் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை, சீட்டைத்தான் பார்க்கின்றன. பழைய சீட்டை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடாது என்பதற்காகச் சீட்டில் நேரம் குறிக்கப்படுகிறது.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 இம்முறையை ஏற்றுக்கொண்டது. அதன் வழியாக இது உலகெங்கும் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வந்தது. கணினியின் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் 5 நிமிடத்துக்குமேல் வேறுபடக்கூடாது என்பது இதன் வழக்கமான வரம்பு. வேறுபட்டால் சீட்டு செல்லாது. கடவுச்சொல் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் நுழைய முடியாமல் போகலாம்.

ஆகவே திரையில் நேரத்தைப் பாருங்கள். நீண்ட விடுமுறைக்குப் பிறகு தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால், கணினிக்குள் இருக்கும் காசு வடிவ மின்கலம் தீர்ந்திருக்கலாம். நேரம் சரியாகத் தெரிந்தாலும் நேர மண்டலத்தைப் பாருங்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் உள்ளன. இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னால். மண்டலத்தை இந்தியா என்று வைத்துவிட்டு, கடிகாரத்தை மட்டும் கையால் நம்மூர் நேரத்துக்குத் திருத்தினால், நம் கண்ணுக்கு எல்லாம் சரி. கணினியின் கணக்கிலோ இரண்டரை மணி நேரம் பிசகு.

கணினிக்கும் ஒரு கடவுச்சொல்

1993இல் வந்த விண்டோஸ் என்.டி., அலுவலகக் கணினிகளை ‘டொமைன்’ என்ற ஒரே குடையின்கீழ் சேர்த்து நிர்வகிக்கும் முறையைப் பரவலாக்கியது. டொமைனில் உங்களுக்குக் கணக்கு இருப்பதுபோல் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு கணக்கு உண்டு, கடவுச்சொல்லும் உண்டு. வழக்கமான அமைப்பில் 30 நாளுக்கு ஒருமுறை கணினி அதைத் தானே மாற்றிக்கொள்ளும். பழுதான கணினியைப் பழைய நகலிலிருந்து மீட்டால் அதனிடம் பழைய சொல்தான் இருக்கும். அப்போது ‘நம்பிக்கைத் தொடர்பு அறுந்துவிட்டது’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும். இது உங்கள் தவறன்று. நீங்கள் எத்தனை முறை தட்டினாலும் தீராது. பொறுப்பாளர்தான் கணினியை மறுபடியும் டொமைனில் இணைக்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பள்ளி மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்கள். பள்ளியில் கடவுச்சொல்லை மாற்றியாகிவிட்டது. வீட்டிலோ பழைய சொல்தான் வேலை செய்கிறது. ஏன்? சர்வரை எட்ட முடியாதபோது, கடைசியாகத் தன்னிடம் நுழைந்தபோது நினைவில் வைத்ததைக் கொண்டே கணினி சரிபார்க்கிறது. வலையமைப்பில் இணைந்து புதிய சொல்லால் ஒருமுறை நுழைந்தால் இது சரியாகும்.

நுழையும் இடத்தையும் பாருங்கள். கடவுச்சொல் கட்டத்தின் கீழே ‘எதில் நுழைகிறீர்கள்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே டொமைனின் பெயர் இல்லாமல் கணினியின் பெயர் இருந்தால், உங்கள் கணக்கைத் தவறான வீட்டில் தேடுகிறீர்கள் என்று பொருள். அதுபோலவே டெலிமா, எஸ்.எல்.எஸ். போன்ற கற்றல் தளங்களின் கணக்கு வேறு, அலுவலகக் கணினியின் கணக்கு வேறு என்பதை மறக்க வேண்டாம். ஒன்றில் மாற்றினால் மற்றதும் மாறும் என்று எண்ணிவிடாதீர்கள்.

தமிழ்த் தட்டச்சும் கறுப்புப் புள்ளிகளும்

தமிழாசிரியர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் மலேசியாவில் 1985இலேயே முரசு அஞ்சல் உருவானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. இன்று பெரும்பாலான கணினிகளில் தமிழ் விசைப்பலகை ஏற்கெனவே இருக்கிறது. அது நமக்குப் பெருமைதான். ஆனால் வினாத்தாளைத் தமிழில் தட்டிவிட்டுத் தமிழ் விசைப்பலகையை மாற்றாமலே எழுந்து போனால் என்ன ஆகும்? திரும்பி வந்து கடவுச்சொல்லை ஆங்கிலம் என்று எண்ணித் தட்டுகிறோம். போவதோ தமிழ் எழுத்து. திரையில் தெரிவது கறுப்புப் புள்ளிகள் மட்டும் என்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

தீர்வு எளிது. நுழைவுத் திரையின் மூலையில் மொழிக் குறியைப் பாருங்கள். அல்லது கடவுச்சொல்லின் முதல் இரண்டு எழுத்தைப் பயனர் பெயர்க் கட்டத்தில் தட்டிப் பாருங்கள், பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள்.

அடிக்கடி மாற்றும் விதி

‘கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது’ என்ற செய்தி இன்னொரு தலைவலி. ஊகிப்பவருக்கு நேரம் கொடுக்கக்கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த விதி இது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 1985ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே கடவுச்சொல்லுக்கு ஆயுட்காலம் பேசப்பட்டது. 2003 வாக்கில் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தில் பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டி, சிக்கலான சொல், அடிக்கடி மாற்றம் என்ற வழக்கத்தை மேலும் பரப்பியது.

மனித இயல்பு என்ன செய்தது? கடைசி எண்ணை 1இலிருந்து 2 ஆக்கினார்கள். நினைவில் நிற்காததைத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினார்கள். 2017இல் அதே நிறுவனம் வழிகாட்டியைத் திருத்தியது. காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம். சொல் வெளியே கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள். நீளமான சொல்லுக்கு இடம் கொடுங்கள் என்றது. தாம் எழுதிய விதிகளில் பலவற்றுக்காக வருந்துவதாகப் பர் அதே ஆண்டு வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் பல அலுவலகங்களில் பழைய விதி இன்னும் நடப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் காலாவதித் தேதியைத் தேர்வுக் காலத்துக்கு முன்பே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பலகை எங்கே நின்றது?

இப்போது ரோமானிய அதிகாரியின் முறைக்கு வருவோம். எந்தப் பக்கத்துப் பலகை வரவில்லை? கண்டுபிடிக்க இரண்டே சோதனைகள் போதும்.

முதல் சோதனை: உங்கள் கணக்கால் பக்கத்துக் கணினியில் நுழைந்து பாருங்கள், ஒரே ஒரு முறை.
இரண்டாம் சோதனை: சக ஆசிரியர் ஒருவர் தம் கணக்கால் உங்கள் கணினியில் நுழைந்து பார்க்கட்டும். அவரே தட்ட வேண்டும்.

1. நீங்கள் அங்கே நுழைய முடிகிறது, அவர் இங்கே நுழைய முடியவில்லை என்றால், சிக்கல் உங்கள் கணினியில். கம்பி, வைஃபை, கடிகாரம், நம்பிக்கைத் தொடர்பு ஆகியவற்றைப் பாருங்கள்.
2. நீங்கள் அங்கேயும் நுழைய முடியவில்லை, அவர் இங்கே நுழைய முடிகிறது என்றால், சிக்கல் உங்கள் கணக்கில். பூட்டப்பட்டிருக்கலாம், காலாவதியாகியிருக்கலாம், சொல் தவறாக இருக்கலாம்.
3. இருவருக்கும் முடியவில்லை என்றால், வலையமைப்பிலோ சர்வரிலோ தடை. கணினியை மாற்றி மாற்றித் தட்டுவதில் பயனில்லை.
4. இருவருக்கும் முடிகிறது என்றால், உங்கள் கணக்குக்கும் அந்தக் கணினிக்கும் இடையில்தான் ஏதோ இருக்கிறது. நுழையும் இடம், விசைப்பலகை மொழி, அந்தக் கணினியைப் பயன்படுத்தும் அனுமதி ஆகியவற்றைப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. சக ஆசிரியர் முன்பே அந்தக் கணினியைப் பயன்படுத்தியவராக இருந்தால், வலையமைப்பு அறுந்திருந்தாலும் பழைய நினைவைக் கொண்டு கணினி அவரை உள்ளே விட்டுவிடும். ஆகவே நுழைந்த பிறகு பொதுக் கோப்புறை திறக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு பொறுப்பாளரிடம் போகும்போது, “லாகின் ஆகலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கணினி, என்ன நேரம், திரையில் வந்த செய்தி என்ன, இரண்டு சோதனையிலும் என்ன ஆனது என்று சொல்லுங்கள். அரை மணி நேர வேலை ஐந்து நிமிடத்தில் முடியும்.

கடன் கொடுத்த பெயர்

இனி அந்தப் பக்கத்து மேசை ஆசிரியருக்கு வருவோம். அவர் நல்ல மனத்தோடுதான் கடவுச்சொல்லைக் கொடுத்தார். ஆனால் கணினி குறித்து வைப்பது அவர் பெயரைத்தான். இன்ன நேரத்தில், இன்ன மாணவருடைய மதிப்பெண்ணை, இவர் பதிவு செய்தார் என்று அது எழுதிக்கொள்கிறது. நாளைக்கு ஒரு மாணவரின் 78, 87 ஆகப் பதிவாகியிருந்தால், அல்லது 87, 78 ஆகியிருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் யார்? தட்டிய கை யாருடையது என்று கணினிக்குத் தெரியாது. தாம் செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று மெய்ப்பிக்க அந்த ஆசிரியரிடம் ஒரு சான்றும் இருக்காது. அந்த மதிப்பெண்ணை நம்பியிருக்கும் மாணவருக்கோ அது வெறும் எண் அன்று.

பாசறை முழுவதும் ஒரே சொல்லை வைத்திருந்த காலத்தில் ‘நம் ஆள்’ என்று தெரிந்தால் போதுமானதாக இருந்தது. மதிப்பெண் ஏட்டுக்கு அது போதாது. எவர் என்று தெரிய வேண்டும். ஆசிரியர் அறைக்கே ஒரு பொதுக் கடவுச்சொல்லை வைத்துத் திரையில் ஒட்டுகிற ஒவ்வொரு முறையும், நாம் 1961ஐ விட்டுப் பாசறைக்கே திரும்பிப் போகிறோம். மாணவர்களே, இது உங்களுக்கும் பொருந்தும். நெருங்கிய தோழன் கேட்டாலும் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். அவன்மேல் நம்பிக்கை இல்லை என்பதால் அன்று. ஏதாவது நடந்தால் அவனும் சந்தேகத்துக்கு ஆளாகக்கூடாது என்பதற்காக.

அவசரம் என்று ஒருவர் வந்து கேட்டால், உங்கள் கடவுச்சொல்லுக்குப் பதிலாக அந்த இரண்டு சோதனைகளைக் கற்றுக்கொடுங்கள். இரண்டாம் சோதனைக்கு நீங்களே போய் உட்காருங்கள். உதவியும் செய்ததாகும், பெயரும் உங்களிடமே இருக்கும்.

நினைவில் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1961 – பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். செய்து காட்டப்பட்டது
1962 – கடவுச்சொல் கோப்பை ஆலன் ஷெர் அச்சிட்டு எடுத்தார்
1960கள் – கேம்பிரிட்ஜில் கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் முறை
1979 – மோரிஸ், தாம்சன் ஆய்வுக் கட்டுரை
1983 – அதீனா திட்டத் தொடக்கம், அதிலிருந்து கெர்பரோஸ்
1988 – கடவுச்சொல்லை ஊகித்துப் பரவிய நிரல்
1993 – விண்டோஸ் என்.டி.
2000 – விண்டோஸ் 2000, கெர்பரோஸ் முறையை ஏற்றது
2017 – அடிக்கடி மாற்றும் விதி தளர்த்தப்பட்டது

பயிற்சி வினாக்கள்

1. ரோமானியப் பாசறையின் அடையாளச் சொல்லுக்கும் சி.டி.எஸ்.எஸ். கடவுச்சொல்லுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு யாது?
2. சி.டி.எஸ்.எஸ்.இல் கடவுச்சொற்கள் அனைத்தும் வெளியானதற்கு மென்பொருள் ஒரு காரணம். மனிதர் எடுத்த முடிவு இன்னொரு காரணம். இரண்டையும் விளக்குக.
3. மறந்துபோன கடவுச்சொல்லைப் பொறுப்பாளரால் ஏன் சொல்ல முடிவதில்லை?
4. கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைய முடியாமல் போவதற்குரிய 3 காரணங்களைக் கட்டுரையிலிருந்து எடுத்து எழுதுக.
5. ‘கடவுச்சொல்லைப் பகிர்வது உதவியாகாது.’ இக்கூற்றைச் சான்றுகளுடன் நிறுவி 150 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுக.